கோட்டைக் கரையா, பழவேற்காடா, கடல்மல்லையா: பழைய துறைமுகத்தை ஒரு நாளில் பார்க்க எந்தத் திசையில் போவது?

கோவையிலிருந்து என் சித்தப்பா குடும்பம் அரையாண்டு விடுமுறைக்குச் சென்னை வருகிறது. சித்தப்பா, சித்தி, அவர்களுடைய 11 வயதுப் பேரன் என மூவர். இதற்கு முன் வந்தபோதெல்லாம் மெரினா, தியாகராய நகர், வண்டலூர் என்றே நாள்கள் கழிந்துவிட்டன. இம்முறை சித்தப்பா தொலைபேசியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கடற்கரையும் கடைத்தெருவும் போதுங் கண்ணு. கப்பல் வந்து நின்ன பழைய ஊரு இருக்குமல்லோ, அதக் காட்டு." பேரனுக்குக் கப்பல் என்றால் உயிர். சித்திக்கு முழங்கால் வலி; சமதரையில் மெதுவாக நடப்பார், படி ஏறுவது சிரமம். உறுதியாகக் கையில் இருப்பது ஒரு நாள். திரும்பும் ரயிலுக்குச் சீட்டு கிடைப்பதைப் பொறுத்து இன்னொரு நாளும் அமையலாம்.

இப்படிக் கேட்பவர்களுக்குச் சென்னைவாசிகளாகிய நாம் பெரும்பாலும் யோசிக்காமலேயே மாமல்லபுரம் என்று பதில் சொல்லிவிடுகிறோம். அது தவறான பதில் இல்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்கான பதில்தானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அழகான சிற்பங்களைப் பார்ப்பதும் ஒரு துறைமுகத்தைப் பார்ப்பதும் வெவ்வேறு. ஒரு கரையில் கப்பல்கள் ஏன் வந்து நின்றன, சரக்கு எப்படி ஏறி இறங்கியது, அந்த வணிகம் ஏன் நின்றது அல்லது ஏன் தொடர்ந்தது என்பவற்றை நேரில் நின்று உணர முடிகிறதா என்பதையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். பயண நேரம், செலவு, சித்தியின் முழங்கால், டிசம்பர் மாத வானிலை ஆகியவை அடுத்த நிலையில் வந்தன. இவ்வாறு பார்த்தபோது மூன்று வழிகள் எஞ்சின. நகரத்துக்குள்ளேயே கோட்டையிலிருந்து ஜார்ஜ் டவுன் வழியாகச் செல்லும் கரைப்பகுதி முதலாவது. வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில் உள்ள பழவேற்காடு இரண்டாவது. தெற்கே ஏறத்தாழ அதே தொலைவில் உள்ள, கடல்மல்லை என்ற பழம்பெயர் கொண்ட மாமல்லபுரமும் அதற்கு அப்பால் சதுரங்கப்பட்டினமும் மூன்றாவது.

புதுச்சேரியையும் அரிக்கமேட்டையும் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டேன். அரிக்கமேடு ரோமானிய வணிகத்தின் தடயங்களால் உலகப் புகழ் பெற்ற இடம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். ஆனால் 150 கிலோமீட்டர் சென்று பார்க்கும்போது மரங்களுக்கு நடுவே சில செங்கல் சுவர்களே கண்ணில் படும். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டிய குடும்பத்துக்கு அது ஏற்றதில்லை.

முதலில் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: சென்னைத் துறைமுகத்துக்குள் பொதுமக்கள் விருப்பம்போல் சென்று பார்க்க முடியாது. ராஜாஜி சாலையில் நீண்டு செல்லும் மதிலும், அதற்கு மேலே தலைகாட்டும் பளுதூக்கிகளும்தான் நமக்குக் கிடைக்கும் காட்சி. ஆகவே துறைமுகத்தை அதன் சுற்றுப்புறத்திலிருந்துதான் படித்தறிய வேண்டும். அவ்வாறு படிக்க இந்த ஊரைப் போல் வளமான இடம் சோழமண்டலக் கரையில் வேறில்லை என்பது என் கருத்து.

ஏனெனில் சென்னை, துறைமுகத்துக்கு வேண்டிய இயற்கை அமைப்பு எதுவும் இல்லாத கரையில் எழுந்த துறைமுக நகரம். 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே தாமர்லா நாயக்கர்களிடமிருந்து இந்த நிலத்துக்கு உரிமை பெற்றபோது, இங்கே விரிகுடா இல்லை; கப்பலை அலையிலிருந்து காக்கும் தீவும் இல்லை. நெடுக மணற்கரை, ஓயாமல் மடங்கி விழும் அலை, அவ்வளவுதான். அவர்களை இழுத்தது துணி. இங்கே நெசவுத் துணி மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தது. அதனால் கப்பல்கள் கரையிலிருந்து வெகுதொலைவில் நங்கூரமிட, மனிதர்களும் மூட்டைகளும் மசூலாப் படகுகளில் கரைக்கு வந்து சேர்ந்தனர். அந்தப் படகுகளில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை அடிக்கும்போது ஆணியடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். படகு கவிழ்ந்தால் மீட்பதற்காகக் கட்டுமரக்காரர்கள் கூடவே வந்தார்கள். கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போனதும் இந்தக் கரை வழியாகத்தான் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டாகிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு பெருநகரத்தின் வணிகம் முழுவதும் அந்தக் கயிற்றுத் தையலை நம்பி நடந்தது.

இதை நேரில் உணர்வதற்குச் சிறந்த இடம் புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்குப் பக்கத்தில் உள்ள கடல் வாயில். சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் மகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். இதற்குக் கடல் வாயில் என்று பெயர் என்று சொன்னதும் அவள் திரும்பி நின்று, சாலையையும் பேருந்துகளையும் பார்த்துவிட்டு, "கடல் எங்கே அங்கிள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அன்றைய நாளில் மிகவும் பயனுள்ள அரைமணி நேரமும் அதுதான். ஒரு காலத்தில் அலை கோட்டைச் சுவருக்கு அருகிலேயே வந்து விழுந்துகொண்டிருந்தது. 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள், அது போதவில்லை. 1875இல் வேல்ஸ் இளவரசரைக் கொண்டு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் இரண்டு கற்கரைகளை நீட்டிச் செயற்கைத் துறைமுகம் அமைக்கத் தொடங்கினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு நோக்கியிருந்த வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயிலை அமைத்த பின்னரே துறைமுகம் நிலைபெற்றது.

ஆனால் கடலுக்குள் ஒரு சுவரை நீட்டினால் அதற்குரிய விலையைக் கரை கொடுத்தாக வேண்டும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்து நிறுத்த, தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. மணல் வரத்து நின்றுபோனதால் வடக்கே ராயபுரம், காசிமேடு பகுதிகளின் கரையைக் கடல் அரித்தது. மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு நாம் நடக்கும் அந்த அகலமான மணல்வெளியும், ராயபுரம் கடலோரத்தில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களும் ஒரே செயலின் இரு விளைவுகள். இதைச் சொல்லிவிட்டு இரண்டு இடங்களையும் ஒரே நாளில் காட்டினால், 11 வயதுப் பையன் அதை வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டான். வேறெந்த வழியிலும் கிடைக்காத பாடம் இது.

கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இயங்குவதால் வாயிலில் சோதனை உண்டு. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. 1680இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித மேரி தேவாலயத்தின் கூரை, குண்டு விழுந்தாலும் தாங்கும்படி தடித்த வளைவாகக் கட்டப்பட்டது. அதன் முற்றத்தில் பதித்துள்ள பழைய கல்லறைக் கற்களைச் சித்தப்பா படித்துக்கொண்டே ஒரு மணி நேரம் நிற்பார் என்று எனக்குத் தெரியும். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்தக் கட்டடத்தின் உச்சியில்தான் 1796இல் ஊரின் முதல் கலங்கரை விளக்கு ஏற்றப்பட்டது. இரண்டாவது விளக்கு 1844இல் எழுந்த கல்தூண். அது இன்று உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. மூன்றாவது 1894இல் உயர் நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்திலேயே ஏற்றப்பட்டது. நான்காவது 1977இல் மெரினாவின் தென்கோடியில் அமைந்தது. ஒரு துறைமுகத்தின் நான்கு விளக்குகளையும், அவை நகர்ந்த வரிசையிலேயே, சில கிலோமீட்டருக்குள் காட்ட முடிகிறது. நான்காவது விளக்கில் மின்தூக்கி இருப்பது சித்திக்குப் பெரிய வசதி. திங்கட்கிழமை மட்டும் அங்கே அனுமதி இல்லை.

கோட்டைக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் இடையிலான திறந்தவெளிக்கும் ஒரு கதை இருக்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1749இல் அதைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கோட்டையிலிருந்து சுடும்போது பார்வைக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, எஞ்சியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை, அதாவது உள்ளூர் மக்களின் குடியிருப்பை, அப்புறப்படுத்தி வெட்டவெளியாக்கினர். தறிகாரரும் வணிகரும் வாழ்ந்த தெருக்கள் இருந்த இடத்தில்தான் இன்று நீதிமன்றம் நிற்கிறது. அதன் மதிலில் பதித்த ஒரு கல், 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற செருமானியப் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்ததை நினைவூட்டுகிறது. சாமர்த்தியமும் துணிச்சலும் உள்ளவனை எம்டன் என்று சொல்கிற நம் வழக்குக்கு அந்த இரவே மூலம். சித்தப்பாவே பேரனைப் பலமுறை அப்படி அழைத்திருக்கிறார். அந்தச் சொல்லின் பிறப்பிடத்தை இருவருக்கும் காட்டப் போகிறேன்.

அங்கிருந்து பாரிமுனையைக் கடந்தால் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, பவழக்காரத் தெரு, அரண்மனைக்காரத் தெரு. தெருப் பெயர்களிலேயே வணிகர்களும் சரக்குகளும் இருக்கின்றன. அரண்மனைக்காரத் தெரு என்ற பெயரில் மறைந்திருப்பது அரண்மனை இல்லை; ஆர்மேனியர்கள். அவர்கள் 1772இல் கட்டிய தேவாலயம் பக்கத்துத் தெருவின் இரைச்சலுக்கு நடுவே முற்றத்து மர நிழலோடு அமைதியாக நிற்கிறது. மாலையில் பசி எடுத்தால் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரில் உள்ள தெருக்களில் அத்தோ கடைகள். 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில் இருக்கும் நூடுல்ஸைக் கடைக்காரர் ஒரு பெரிய கிண்ணத்தில் போட்டு, கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், நொறுக்கிய தட்டை ஆகியவற்றைச் சேர்த்து வெறுங்கையாலேயே பிசைவார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். ரங்கூன் கப்பல் வந்து நின்றதற்கு இதைவிடச் சூடான சான்றை வேறெங்கும் காட்ட முடியாது.

நகரத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுனில் வேலைநாளில் கைவண்டியும் மூன்று சக்கர வண்டியும் வழிவிடாது. நடைபாதை என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. நல்ல கழிப்பறையைத் தேட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தெருக்கள் காலியாக இருக்கும், நடப்பது எளிது. ஆனால் கடைகள் அடைத்திருப்பதால் தெருவின் உயிரைப் பார்க்க முடியாது. எனவே சனிக்கிழமைதான் பொருத்தமான நாள். பறக்கும் ரயிலில் திருமயிலையிலிருந்து கோட்டை நிலையத்துக்கும், பிறகு கடற்கரை நிலையத்துக்கும் மிகக் குறைந்த செலவில் சென்றுவிடலாம். இடையில் சித்திக்கு மட்டும் ஆட்டோ.

இனி பழவேற்காடு. சென்னை பிறப்பதற்கு முன்பே இந்தக் கரையில் ஐரோப்பியர்களின் பெரிய வணிகத் தலமாக விளங்கியது அதுதான். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே காலூன்றி, 1613இல் கெல்டிரியா என்ற கோட்டையை நிறுவினர்; 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகம் முழுவதும் அங்கிருந்தே ஆளப்பட்டது. ஆங்கிலேயரும் முதலில் பழவேற்காட்டில்தான் இடம் தேடினர். டச்சுக்காரர்களோடு ஒத்துப்போகாமல் வடக்கே ஆர்மகான் என்ற கடலோர ஊருக்குப் போய், அங்கும் நல்ல துணி கிடைக்காமல்தான் சென்னைக்கு வந்தனர். ஆகவே நம் ஊரின் கதைக்கு முதல் அத்தியாயம் அங்கே இருக்கிறது. இந்தக் கரையில் நெய்த கட்டம்போட்ட துணி பழவேற்காட்டின் பெயரைத் தாங்கியே ஐரோப்பியச் சந்தைகளுக்குச் சென்றது. துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். பஞ்ச காலங்களில் நம் மக்கள் விற்கப்பட்ட கரை அது. அந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்பதற்கும் தெரியாமல் நிற்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

ஆனால் கண்ணுக்குத் தெரிவது மிகக் குறைவு. கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதர் மூடிய மேடும் அகழியின் தடமும்தான் உள்ளன. டச்சுக் கல்லறைத் தோட்டம் ஒன்றே முழுமையாக நிற்கும் சின்னம்; அதைத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. நுழைவாயிலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று நம்மை வரவேற்கின்றன. உள்ளே கூம்பாகவும் குவிமாடமாகவும் சில கல்லறைகள். தரையோடு தரையாகப் படுத்த கருங்கற்பலகைகள் பல. நான் ஒரு பலகையின் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். 350 ஆண்டுகளுக்கு மேலாகியும் விளிம்பு மழுங்கவில்லை, பள்ளத்தில் மட்டும் கடல் மணல் நிரம்பியிருந்தது. அந்த நண்பகலில் என்னைத் தவிர அங்கே இருந்தவை இரண்டு ஆடுகள்.

பழவேற்காட்டின் உண்மையான சிறப்பு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. கடலையும் ஏரியையும் பிரிக்கும் நீண்ட மணல்திட்டு அலையைத் தடுத்து, உள்ளே அமைதியான நீரைத் தருகிறது. சென்னைக் கரைக்கு இயற்கை மறுத்த பாதுகாப்பு இங்கே இருந்தது; ஆனால் முகத்துவாரத்தை மணல் அடிக்கடி அடைத்துவிடும், பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. மணலோடு மல்லுக்கட்டுவது இரண்டு ஊர்களுக்கும் பொது. ஏரியில் மீன் பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு என்ற ஏற்பாட்டை அங்குள்ள மீனவர்கள் தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். டிசம்பரில் ஏரி நிரம்பியிருக்கும். பூநாரையும் கூழைக்கடாவும் வரும் காலம் அது. மடவை மீனும் பச்சை நண்டும் மதியச் சாப்பாட்டுக்கு. பனையோலையில் கூடையும் பெட்டியும் முடையும் பெண்களிடம் நேரடியாக வாங்கலாம். சித்திக்கு அது பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்புடன் சொல்கிறேன். படகு வைத்துத் தருகிறோம் என்று கரையில் யாரேனும் அழைத்தால் ஏறக் கூடாது. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன் பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. கப்பல் மோகம் கொண்ட பேரன் கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பறவைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம்; ஒரு தொலைநோக்கி போதும்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் அல்லது ஆட்டோவில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் செல்ல வேண்டும். காரில் போவதானால் மீஞ்சூர் வழியைத் தேர்ந்தெடுப்பேன். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குக் கண்டெய்னர் லாரிகள் அணிவகுக்கும் சாலை அது, ஓட்டுவதற்கு இனிமையானதன்று. ஆனால் துறைமுகத் தொழில் 400 ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் வடக்கே நகர்ந்திருப்பதை அந்த லாரிகள் சொல்லாமல் சொல்கின்றன. தங்குவதற்கு நல்ல விடுதிகள் இல்லாததால் காலையில் போய் மாலைக்குள் திரும்புவதே முறை. புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒத்திவைக்க வேண்டும்.

மூன்றாவது வழி எல்லாரும் அறிந்தது. ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்லவர் காலத்தில் மாமல்லபுரம் துறைமுகமாக விளங்கியதில் ஐயமில்லை. யானைகளும் நவமணிகளும் ஏற்றிய கலங்கள் பாரத்தால் தாழ்ந்து அசையும் கடல்மல்லை என்று திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். அந்த வரியைத் தெரிந்துகொண்டு தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் போனால் அந்த ஊரே வேறாகத் தெரியும். மலைமேல் உள்ள உலக்கணேசுவரர் கோயில் பழைய நாளில் கலங்கரை விளக்காகப் பயன்பட்டது. பக்கத்திலேயே பிற்கால விளக்கும் நிற்கிறது. ஆனால் கப்பல்கள் எங்கே நின்றன, சரக்கு எங்கே இறங்கியது என்பதைக் கைநீட்டிக் காட்ட அங்கே எதுவும் இல்லை. துறைமுகத்தைப் பாட்டிலிருந்துதான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். கலங்கரை விளக்குக்கு ஏறும் பாறைப்படிகள் சித்திக்கு முடியாது. துறைமுகத்தோடு தொடர்புள்ள இடமே அவருக்கு எட்டாமல் போய்விடும்.

சதுரங்கப்பட்டினம் அந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில், கல்பாக்கத்துக்கு அருகே, கடலைப் பார்த்தபடி டச்சுக் கோட்டை ஒன்று இருக்கிறது. மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் பெற்ற இடம் அது. செங்கல் மதில், கிடங்குகள், செதுக்கு வேலை நிறைந்த கல்லறைப் பலகைகள் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் அடங்கிவிடுவதால் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிக்கலாம். 1782 பிப்ரவரியில் இந்த ஊருக்கு எதிரே கடலில்தான் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினர். பழவேற்காட்டில் கோட்டை மறைந்து கல்லறைகள் எஞ்சின. இங்கே கோட்டையின் உருவமே எஞ்சியிருக்கிறது. டச்சு வணிகக் கோட்டை எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புபவருக்குப் பழவேற்காட்டைவிட இதுவே பயன் தரும். மாமல்லபுரம் சென்று வரும் ஆயிரக்கணக்கானவர்களில் மிகச் சிலரே இன்னும் 15 கிலோமீட்டர் போகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

வசதி என்று பார்த்தால் தெற்கு வழியே முதலிடம் பெறும். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது. உணவகம், கழிப்பறை, விடுதி எல்லாம் உண்டு. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அரையாண்டு விடுமுறையில் அங்கே கூடும் கூட்டத்தையும், ஞாயிறு மாலை திரும்பும் சாலை நெரிசலையும் கணக்கில் கொள்ள வேண்டும். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும், இதுவரை ஒருமுறையேனும் மாமல்லபுரத்தைப் பார்க்காதவர்களுக்கும் தயக்கமின்றி இதையே சொல்வேன்; அர்ச்சுனன் தபசைப் பார்க்காமல் சென்னையிலிருந்து யாரையும் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. சித்தப்பா குடும்பமோ அங்கே இரண்டு முறை போயிருக்கிறது.

ஆகவே ஒரு நாள்தான் என்றால் நகரம் என்று முடிவு செய்திருக்கிறேன். மூன்று வழிகளிலும் துறைமுகம் எப்படி இயங்கியது என்பதை முழுமையாகக் காட்டுவது இந்தக் கரை ஒன்றுதான். அதோடு பயணத்தில் நேரம் வீணாவதில்லை, வெயிலோ மழையோ வந்தால் ஒதுங்க இடம் உண்டு. இரண்டாவது நாள் அமைந்தால், டிசம்பர் என்பதால் பழவேற்காடு. இதே குடும்பம் மே மாதத்தில் வந்திருந்தால் இரண்டாவது நாளுக்குச் சதுரங்கப்பட்டினத்தைச் சொல்லியிருப்பேன். கோடையில் ஏரி வற்றி, பறவையும் இல்லாமல், நிழலும் இல்லாமல் பழவேற்காடு களைப்பையே தரும். துறைமுக வரலாற்றில் ஏற்கெனவே ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர் தனியாக வந்தால், நகரத்தையும் விட்டுவிட்டு முதல் நாளே பழவேற்காட்டுக்குப் போகச் சொல்வேன். படித்துவிட்டு வருபவருக்கு அந்த வெறுமையே நிறையப் பேசும். பள்ளிப் பிள்ளையோடு வருபவருக்கு அது பேசாது.

இரண்டு நாளும் கிடைத்தால் வரிசையை மாற்றக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதி இருக்கிறது. கால வரிசைப்படி பழவேற்காட்டை முதலில் பார்ப்பதுதானே முறை என்று சித்தப்பா கேட்டார். சென்னையைப் பார்த்த பிறகு பழவேற்காட்டுக்குப் போனால், அங்கே காணும் புதரும் மேடும் சென்னை ஆகாமல் போன ஒரு நகரத்தின் மிச்சம் என்பது புரியும். மாற்றிப் போனால் அவை வெறும் புதரும் மேடுமாகவே நின்றுவிடும்.

சனிக்கிழமைக்கான திட்டம் இப்படி இருக்கிறது. காலை 9 மணிக்குப் பறக்கும் ரயிலில் கோட்டை நிலையம். கடல் வாயில், தேவாலயம், அருங்காட்சியகம். வெயில் ஏறும் முன் எம்டன் கல்லைப் பார்த்துவிட்டு ஆர்மேனியத் தேவாலயத்தின் மர நிழலில் சித்தியை உட்காரவைத்து, நானும் சித்தப்பாவும் பேரனும் பவழக்காரத் தெருவரை நடந்து திரும்புவோம். மண்ணடியில் மதியச் சாப்பாடு. பிறகு ஆட்டோவில் ராயபுரம்: 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையத்தையும், அலை மோதும் கருங்கற்களையும் காட்டிவிட்டு அதே ஆட்டோவில் மெரினாவுக்கு. அத்தோவை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம். மெரினா கலங்கரை விளக்கில் மதியம் இடைவேளை விட்டு மீண்டும் அனுமதிப்பார்கள். மாலைக்குள் சீட்டு வாங்கிவிட வேண்டும். மின்தூக்கியில் மேலே போய், மாடத்தின் வடபுறத்தில் பேரனை நிறுத்துவேன். தூரத்தில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டிருக்கும். அதற்கு இப்பால் அந்தச் சுவர் பிடித்துவைத்த மணல் முழுவதும் காலடிக்கு நேர்கீழ்வரை விரிந்து கிடக்கும். மசூலாப் படகு எந்த இடத்தில் கரையேறியிருக்கும் என்று அவனையே கைநீட்டிக் காட்டச் சொல்லப் போகிறேன்.